இத்தாலியின் மலைப்பாட்டும் 'சாட்' குழுவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

படிப்புக்காக வட இத்தாலியின் ட்ரெண்டோ நகரில் இரண்டு வருடம் இருந்தேன். திரும்பி வரும்போது ஒரு பழக்கமும் கூடவே வந்துவிட்டது: சமையலறையில் வேலை செய்யும்போது அந்த ஊர் மலைப்பாட்டுகளை ஓடவிடுவது. வீட்டுக்கு வருகிறவர்கள் இரண்டு நிமிடம் பொறுத்துப் பார்ப்பார்கள். அப்புறம் கேள்வி ஆரம்பிக்கும். ஐந்தாறு வருடமாக அதே கேள்விகள்தான் வருகின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டதால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகள் கேட்டவர்கள் வாயில் வந்தபடியே இருக்கின்றன.

யாருங்க இவங்க? ஆம்பளைங்களா சேர்ந்து பாடுறாங்க, வாத்தியமே இல்லையே?

கோரோ தெல்லா சாட். 'கோரோ' என்றால் சேர்ந்திசைக் குழு. ஆல்ப்ஸ் மலைத்தொடரில் உள்ள ட்ரெண்டோதான் இவர்கள் ஊர். 1926 மே 25 அன்று அந்த ஊரின் புவோன்கொன்சீல்யோ கோட்டையில் முதல் கச்சேரி. அப்போதிலிருந்து இன்றுவரை தொடர்ந்து பாடுகிறார்கள். ஆண்கள் மட்டும், முப்பது பேருக்குக் கொஞ்சம் முன்னேபின்னே. வாத்தியம் கிடையாது. சம்பளமும் கிடையாது, எல்லோரும் வேறு வேலை பார்த்துக்கொண்டு, சாயங்காலம் ஒத்திகைக்கு வருகிறவர்கள்.

பாடுவதெல்லாம் பெரும்பாலும் இத்தாலியின் பல வட்டாரங்களின் பழைய பாட்டுகள். இன்று இத்தாலியில் மலைப்பாட்டுக் குழு இல்லாத மலையூரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அத்தனைக்கும் முன்மாதிரி இந்தக் குழுதான்.

சாட்னா என்ன, ஏதாவது பரீட்சை பேரா?

இல்லை. 'ட்ரெண்டோ மலையேறுவோர் சங்கம்' என்று பொருள்படும் இத்தாலியப் பெயரின் முதலெழுத்துகள். சங்கம் 1872-இல் மதோன்னா தி காம்பீல்யோ என்ற மலையூரில் தொடங்கப்பட்டது. அன்றைக்கு அந்தப் பகுதி ஆஸ்திரியப் பேரரசின் கையில் இருந்தது. மலையேறுவது, தங்குமிடம் கட்டுவது என்று பேருக்கு இருந்தாலும் 'நாங்கள் இத்தாலியர்கள்' என்று காட்டிக்கொள்ளும் இடமாகவும் சங்கம் இருந்தது. நான்கே வருடத்தில் ஆஸ்திரிய அரசு அதைக் கலைத்தது. அடுத்த வருடமே வேறு பெயரில் திரும்ப எழுந்தது.

அதே 1872-இல்தான் இத்தாலி ராணுவத்தின் மலைப்படையான 'அல்பீனி'யும் உருவானது. தொப்பியில் இறகு செருகியிருப்பார்களே, அவர்கள். இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதவர்கள் குறைவு. சாட் குழு ராணுவக் குழு அல்ல. ஆனால் ராணுவப் பாட்டுகளையும் பாடுவார்கள். அதில் ஒரு சிக்கல் இருக்கிறது, கடைசிக் கேள்வியில் வருகிறேன்.

சரி, ஆரம்பிச்சது யாரு? இசை படிச்சவங்களா?

என்ரிகோ, மாரியோ, சில்வியோ, அல்தோ என்ற நான்கு பெத்ரோத்தி சகோதரர்களும் அவர்களுடைய நண்பர்களும். இசைக் கல்லூரிப் பக்கம் போனவர்கள் அல்ல. குடும்பத் தொழில் புகைப்படம். ட்ரெண்டோவில் பெத்ரோத்தி சகோதரர்கள் ஸ்டூடியோ பெயர் பெற்றது. என்ரிகோவின் மலைப் படங்களைத் தனியாகவே ரசிக்கலாம். மலைக்குப் போனார்கள், படம் எடுத்தார்கள், இறங்கி வந்து மதுக்கடை மேசையைச் சுற்றி உட்கார்ந்து பாடினார்கள். ஒருவர் மெட்டைத் தொடங்க, மற்றவர் காதில் பட்டபடி மேலேயோ கீழேயோ ஒரு குரலைச் சேர்ப்பார். அந்தப் பக்கத்தில் இது சாதாரண வழக்கம்.

சகோதரர்கள் அங்கேயே நின்றுவிடவில்லை என்பதுதான் விஷயம். மேடையில் பாடுவதென்றால் ஒவ்வொரு குரலும் எங்கே போக வேண்டும் என்று எழுதியே ஆக வேண்டும் என்று முடிவு செய்தார்கள். அதற்கு முதலில் கைகொடுத்தவர் லூயிஜி பிகரெல்லி. தொழிலால் நீதிபதி. நீதிமன்றத்தில் இருப்பவர் மதுக்கடைப் பாட்டுக்கு இசை எழுதுகிறார் என்றால் நன்றாக இருக்காது என்று நினைத்தாரோ என்னவோ, 'பியர்லூயிஜி கல்லி' என்ற புனைபெயரில் எழுதினார். இன்னொருவர் அந்தோனியோ பெத்ரோத்தி, ரோமில் இசையமைப்பாளர் ரெஸ்பீகியிடம் படித்த இசைநடத்துநர். குடும்பப் பெயர் ஒன்றாக இருந்தாலும் இந்த நான்கு பேரில் ஒருவர் அல்ல. பின்னாளில் செக் பில்ஹார்மோனிக் இசைக்குழுவையே நடத்தியவர்.

குழுவைக் கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு நடத்தியவர் சில்வியோ. அவருக்குப் பிறகு மவுரோ பெத்ரோத்தி. ஆக, குடும்பம் மாறவில்லை.

இது நம்ம சர்ச் கொயர் மாதிரிதானே?

நான்கு குரலாகப் பிரிந்து பாடுவதில் மாதிரிதான். ஆனால் சர்ச்சில் மேல் வரிகளைப் பெண்கள் பாடுவார்கள். இங்கே எல்லாமே ஆண் குரல். உச்சியிலிருந்து அடிவரை முதல் டெனர், இரண்டாம் டெனர், பாரிடோன், பாஸ். முதல் டெனர்கள் உச்சியில் பாடும்போது கத்துவதில்லை, குரலை மெலிதாக்கி, கிட்டத்தட்டக் கள்ளக்குரலில் மிதக்கவிடுவார்கள். முதல் தடவை கேட்டபோது உள்ளே பெண்கள் இருக்கிறார்கள் என்றே நினைத்தேன்.

நான் குடியிருந்த வீட்டுக்காரர் தம் ஊர்க் குழுவில் பாஸ் பாடுகிறவர், வயது எழுபதுக்கு மேல். ஒருநாள் ஒத்திகைக்குக் கூட்டிப் போனார். பள்ளிக்கூட அறை ஒன்றில் இருபது பேர், தோளோடு தோள் இடிக்க அரைவட்டமாக நின்றார்கள். இவ்வளவு நெருக்கம் எதற்கு என்று கேட்டேன். "பக்கத்தில் நிற்பவன் மூச்சு வாங்குவது எனக்குக் கேட்க வேண்டும். அவன் வாங்கும்போது நான் வாங்கக் கூடாது" என்றார். அதனால்தான் இந்தப் பாட்டுகளில் நீண்ட வரிகள் அறுபடாமல் போகின்றன. இவருக்கு நொட்டேஷன் படிக்கத் தெரியாது. நாற்பது வருடமாகப் பாடும் வரிகள் அத்தனையும் காதில் கேட்டு மனப்பாடம் செய்தவை.

இத்தாலியன் தெரிஞ்ச என் ஃபிரெண்டுக்கே பாதி புரியலையே?

புரியாது. பெரும்பாலானவை வட்டார மொழிகள்: ட்ரெண்டோ பேச்சு, வெனிஸ் பக்கத்துப் பேச்சு, மேற்கே பியமோந்தே, வடகிழக்கே ஃப்ரியுலி, மலைப் பள்ளத்தாக்குகளில் லதீன் (பழைய ரோமானியர்களின் லத்தீன் அல்ல). இவற்றில் ஃப்ரியுலி மொழியும் லதீனும் சட்டப்படியே தனி மொழிகளாக ஏற்கப்பட்டவை. ரோமில் பிறந்து வளர்ந்தவருக்கு ஃப்ரியுலிப் பாட்டைப் போட்டுக் காட்டினால் அவரும் அர்த்தம் கேட்பார்.

உதாரணத்துக்கு 'ஸ்தெலூதிஸ் அல்பீனிஸ்'. ஃப்ரியுலி மொழியில் 'ஆல்ப்ஸின் சின்ன நட்சத்திரங்கள்', அதாவது எடெல்வைஸ் பூ. பொந்தேபா ஊர்க்காரர் அர்துரோ சர்தீனி, முதல் உலகப்போரில் ஊரைவிட்டு அகதியாகப் போனபோது எழுதியது. இறந்துபோன சிப்பாய் பேசுகிறான்: என்னைப் புதைத்த பாறைப் பக்கம் வந்தால் என் ரத்தத்தில் நனைந்த இடத்தில் பூத்ததைப் பறித்துக்கொள் என்று. அதைச் செந்தர இத்தாலியனில் மாற்றிப் பாடினால் யாரும் கேட்க மாட்டார்கள்.

இந்தப் பாட்டையெல்லாம் எங்கேருந்து பிடிச்சாங்க?

மதுக்கடை, ராணுவ முகாம், மலைத் தங்குமிடம், ஊர்த் திருவிழா. எல்லாவற்றையும்விட முக்கியமானது 'ஃபிலோ'. குளிர்காலத்தில் விறகை மிச்சப்படுத்த ராத்திரி மாட்டுக்கொட்டகையில் கூடுவார்கள். மாடுகளின் உடல் சூடுதான் கணப்பு. பெண்கள் நூல் நூற்பார்கள், ஆண்கள் கருவிகளைச் சரிபார்ப்பார்கள், கிழவிகள் கதையும் பாட்டும் எடுத்துவிடுவார்கள். நீளமான கதைப்பாட்டுகள் பலவும் இப்படித்தான் தலைமுறை தாண்டின.

அப்படி ஒன்று, மேய்ப்பவளும் ஓநாயும். ஓநாய் ஆட்டுக்குட்டியைத் தூக்கிவிடுகிறது. வழியில் போன வாலிபன் மீட்டுத் தருகிறான். "கம்பளி கத்தரிக்கும்போது உனக்குக் கொஞ்சம் தருகிறேன்" என்கிறாள் அவள். "நான் கம்பளி வியாபாரி இல்லையே, ஒரு முத்தம் கொடு" என்கிறான் அவன். எல்லாம் சாமர்த்தியமான பேச்சுவார்த்தை. கொட்டகையில் கிழவிகள் எப்படிச் சிரித்திருப்பார்கள் என்று கேட்கும்போதே தெரியும்.

எவ்வளவு பழசு இருக்கும்? சும்மா நூறு வருஷமா?

பாட்டுக்குப் பாட்டு மாறும். சில பாட்டுகள் ஆளையும் சட்டையையும் மாற்றிக்கொண்டே நானூறு வருடம் வந்திருக்கின்றன.

'தளபதியின் உயில்' என்று ஒரு பாட்டு. சாகக் கிடக்கும் மலைப்படைத் தளபதி தன் வீரர்களை வரவழைக்கிறான். காலணி இல்லை, வர முடியாது என்கிறார்கள். காலணி இல்லாவிட்டாலும் வாருங்கள் என்கிறான். வந்ததும், என் உடலை ஐந்து துண்டாக்குங்கள்: ஒன்று நாட்டுக்கு, ஒன்று படைக்கு, ஒன்று அம்மாவுக்கு, ஒன்று காதலிக்கு, கடைசித் துண்டு மலைகளுக்கு என்கிறான். கேட்டால் முதல் உலகப்போரில் பிறந்த பாட்டு என்றுதான் தோன்றும், அந்தப் போரில் பாடவும் பட்டது. ஆனால் கொஸ்தந்தீனோ நீக்ரா 1888-இல் வெளியிட்ட பியமோந்தே நாட்டுப்பாடல் தொகுப்பில் இதற்கு மூத்த அக்காள் ஒருத்தி இருக்கிறாள். அங்கே சாகிறவர் சலூட்சோவின் பிரபு. நேப்பிள்ஸ் முற்றுகையின்போது காயப்பட்டு 1528-இல் இறந்த மிக்கேலே அந்தோனியோ. அவரும் வீரர்களைக் கூப்பிட்டு உடலைப் பங்கு வைக்கச் சொல்கிறார். நீக்ரா யார் என்று கேட்பீர்கள்: இத்தாலியை ஒன்றாக்கிய காவூரின் வலதுகையாக இருந்த ராஜதந்திரி. தூதராக வேலை பார்த்துக்கொண்டே நாட்டுப்பாட்டு சேர்த்தவர்.

பெரிய பியானோ கலைஞர் ஒருத்தர் இவங்களுக்கு வேலை செஞ்சாராமே, நிஜமா?

நிஜம். அர்துரோ பெனெதெத்தி மைக்கேலாஞ்செலி. 1920-இல் பிறந்தவர், இருபதாம் நூற்றாண்டின் மிகப் பெரிய பியானோ கலைஞர்களில் ஒருவர். பியானோ ஒத்துவரவில்லையென்றால் அரங்கம் நிறைந்திருந்தாலும் கச்சேரியை ரத்து செய்துவிடுவார் என்று பெயரெடுத்தவர். அப்படிப்பட்டவர் அமெச்சூர் குழு ஒன்றுக்காக 19 நாட்டுப்பாட்டுகளுக்குக் குரல் பிரித்து எழுதிக் கொடுத்தார். மேலே சொன்ன மேய்ப்பவளும் ஓநாயும் அவற்றில் ஒன்று.

எழுதிய விதம்தான் அழகு. மெட்டை அவர் தொடவேயில்லை. அடியில் ஓடும் குரல்களை மட்டும் மெல்ல நகர்த்துகிறார், அதனால் ஒரே மெட்டு மூன்றாவது சரணத்தில் வேறு வெளிச்சத்தில் தெரிகிறது. பெரிய ஆள் எழுதியது என்று காட்டிக்கொள்ளும் இடம் ஒன்றுகூட இல்லை. எனக்குப் பிடித்த வேலை இதுதான், மற்றவர்கள் எழுதியதெல்லாம் இதற்கு அடுத்ததுதான்.

பெல்லா சாவ் இவங்க பாட்டா?

இல்லை. உலகம் முழுக்கத் தெரிந்த அந்த இத்தாலியப் போராட்டப் பாட்டு வேறு ஊர், வேறு கதை. இந்தக் கேள்விக்கு இதற்கு மேல் பதில் எழுதினால் மற்றதை யாரும் படிக்க மாட்டீர்கள்.

'லா மொந்தனாரா' பழைய நாட்டுப்பாட்டுன்னு போட்டிருக்கே, எழுதினவர் பேரும் இருக்கே. எது சரி?

எழுதியவர் பேர்தான் சரி. ஸ்கியோ ஊரில் பிறந்த தோனி ஒர்தெல்லி, 1927-இல் பியமோந்தேயின் பியான் தெல்லா முஸ்ஸா என்ற மலைச் சமவெளியில் இருந்தபோது எழுதிய பாட்டு. முன்னே சொன்ன நீதிபதி பிகரெல்லி குரல் பிரித்துக் கொடுக்க, ட்ரெண்டோ குழு பாடி உலகம் முழுக்கப் போனது. பாட்டில் வரும் சொரெகீனா, சூரியனின் மகள், மறுகோடியில் இருக்கும் தொலொமித் மலைகளின் லதீன் கதைகளைச் சேர்ந்தவள். பியமோந்தேயில் பிறந்து, தொலொமித் நாயகியை வைத்துக்கொண்டு, ட்ரெண்டோவில் வளர்ந்த பாட்டு. ஆனாலும் எந்த ஊர்க்காரரைக் கேட்டாலும் 'எங்க தாத்தா பாட்டு' என்பார்.

'சிகரங்களின் ஆண்டவரே' என்ற பாட்டுக்கும் இதே கதி. மலையில் இறந்த நண்பனுக்காக பேப்பி தெ மார்சி 1958-இல் எழுதியது. இப்போது மலையில் யார் இறந்தாலும் சவ அடக்கத்தில் அதைப் பாடுகிறார்கள், ஏதோ யுகயுகமாக இருந்ததுபோல. நாட்டுப்பாட்டு ஆவதற்கு நூற்றாண்டு தேவையில்லை, எழுதியவர் பேர் மறந்துபோனால் போதும் என்று இதை வைத்துத்தான் நினைக்க ஆரம்பித்தேன்.

சாட்னு ஒண்ணு, சோசாட்னு ஒண்ணு இருக்கே. எது ஒரிஜினல்?

இதை ட்ரெண்டோவில் சத்தமாகக் கேட்காதீர்கள். 1921-இல் மலையேறுவோர் சங்கத்துக்குள் தொழிலாளர்களுக்கென ஒரு பிரிவு தொடங்கப்பட்டது. அதுதான் 'சோசாட்', நடுவில் உள்ள 'ஓ' தொழிலாளரைக் குறிக்கும். அதுவரை மலையேறுவது வக்கீல், டாக்டர் பொழுதுபோக்கு. பாடகர் குழு பிறந்தது இந்தத் தொழிலாளர் பிரிவில், அதன் பெயரோடுதான். ஃபாசிச ஆட்சியில் தொழிலாளர் அமைப்பு ஒன்று தன் போக்கில் இயங்குவது நடக்கிற காரியமா? 1938-இல் குழு தாய்ச் சங்கத்தின் பெயருக்கு, சாட் என்று, மாறியது. போர் முடிந்ததும் சோசாட் மீண்டும் எழுந்து தனக்கென ஒரு குழுவை அமைத்துக்கொண்டது. இரண்டும் இன்றும் ஒரே ஊரில் பாடுகின்றன. சகோதரர்கள் இருந்த வரிசை சாட். பிறந்த வீட்டின் பெயர் சோசாட். நான் இரண்டையும் கேட்கிறேன்.

மதுக்கடைப் பாட்டை இப்படி இஸ்திரி போட்டுப் பாடினா, ஒரிஜினல் போயிடாதா?

நல்ல கேள்வி, இத்தாலியில் சண்டையே நடந்திருக்கிறது. 1954-இலும் 1955-இலும் அமெரிக்க ஆய்வாளர் ஆலன் லோமாக்ஸும் இத்தாலியர் தியேகோ கர்பிதெல்லாவும் ஒலிப்பதிவுக் கருவியோடு நாடு முழுக்கச் சுற்றி, வயலிலும் துறைமுகத்திலும் பாடியவர்களை அப்படியே பதிவு செய்தார்கள். அந்தக் கரடுமுரடான குரல்களைக் கேட்டவர்களுக்கு மலைக் குழுக்களின் பாட்டு சீவிச் சிங்காரித்து உட்காரவைத்த பிள்ளைபோலத் தெரிந்தது. இது நாட்டுப்பாட்டு அல்ல, நாட்டுப்பாட்டைப் பற்றிய நகரத்து ஆசை என்றார்கள்.

அவர்கள் சொன்னதில் உண்மை இருக்கிறது. சாட் குழு பாதுகாத்தது கொட்டகையில் ஒலித்த குரலை அல்ல. பிசிறு, இழுவை, பாதியில் மறந்து சிரிப்பது எல்லாம் போய்விட்டது. ஆனால் எதிர்ப்பக்கத்தையும் பாருங்கள்: ஒலிநாடா காப்பகத்தில் இருக்கிறது, பாட்டு வாயில் இருக்கிறது. என் வீட்டுக்காரர் தம் பாட்டியிடம் கேட்ட ஒரு தாலாட்டை இப்போது குழு பாடும் விதத்தில்தான் பாடுகிறார். பாட்டி பாடிய விதம் எப்படி என்று கேட்டேன். யோசித்துப் பார்த்தார், நினைவுக்கு வரவில்லை. குழு அந்தத் தாலாட்டைக் காப்பாற்றியதா, அழித்ததா? இரண்டும் ஒரே வேலையாகத்தான் நடந்தது என்பேன்.

இத்தாலி முழுக்க இப்படித்தான் கூட்டமா பாடுவாங்களா?

இல்லவே இல்லை. ஜெனோவா துறைமுகத்தில் 'த்ரல்லலேரோ' என்று ஒன்று உண்டு. ஆண்கள் வட்டமாக நிற்பார்கள்; ஒருவர் கள்ளக்குரலில் பெண் குரல் பாட, இன்னொருவர் வாயருகே கையை வைத்துக்கொண்டு கிதார் போல ஒலி எழுப்புவார். சார்தீனியாத் தீவில் நாலு ஆண்கள் பாடும் 'கந்து அ தெனோரே' வேறு உலகம்; அதன் அடித்தொண்டைக் குரல் ஆடு, மாடு, காற்று எல்லாவற்றையும் நினைவூட்டும். யுனெஸ்கோ 2005-இல் அதை மனிதகுல மரபுச் செல்வமாக அறிவித்தது. இவையெல்லாம் எழுதி வைத்து வந்தவை அல்ல, போன பதிலில் சொன்ன பிசிறோடு உயிரோடு இருப்பவை. மலைப் பாணி, பல பாணிகளில் ஒன்று. மேடைக்கும் இசைத்தட்டுக்கும் சீக்கிரம் வந்ததால் அதுவே 'இத்தாலியப் பாட்டு' போலத் தெரிகிறது.

கிழவிங்க பாடின பாட்டுன்னீங்க, அப்ப குழுவில ஏன் ஒரு பெண்கூட இல்லை?

மதுக்கடை, மலைத் தங்குமிடம், ராணுவம் என்று 1926-இல் சேர்ந்து பாடும் இடங்கள் எல்லாம் ஆண்கள் இடங்கள். குழு அங்கிருந்து வந்தது, குரல் பிரித்து எழுதியதும் ஆண் குரலுக்கே. பெண்கள் குழுக்களும் கலப்புக் குழுக்களும் இப்போது இத்தாலியில் நிறைய உண்டு. சாட் குழு மட்டும் அப்படியே இருக்கிறது. முப்பது ஆண்கள் குழந்தையைத் தூங்கவைக்கும் பாட்டை மெல்லப் பாடுவது எனக்குப் பிடிக்கும்தான். ஆனால் நூல் நூற்ற பெண்களின் பெயர் ஒன்றுகூட எங்கும் எழுதப்படவில்லை என்பது உறுத்தாமல் இல்லை.

ட்ரெண்டோ 1918 வரைக்கும் ஆஸ்திரியாதானே? அப்ப இவங்க தாத்தாங்க எதிர்ப்பக்கம்ல சண்டை போட்டிருப்பாங்க?

ஆமாம். முதல் கேள்விகளில் சொன்ன சிக்கல் இதுதான். ட்ரெண்டோ பகுதியிலிருந்து 55,000-க்கும் மேற்பட்டவர்கள் ஆஸ்திரிய-ஹங்கேரியப் படையில் சேர்க்கப்பட்டார்கள். பெரும்பாலோர் அனுப்பப்பட்டது ரஷ்யர்களோடு மோத, கலீசியாவுக்கும் (இன்றைய போலந்து, உக்ரைன் பக்கம்) கார்பாத்திய மலைகளுக்கும். 11,000-க்கும் மேற்பட்டவர்கள் திரும்பவில்லை. எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட பொதுமக்கள் ஆஸ்திரியாவின் உள்நாட்டு முகாம்களுக்கு அப்புறப்படுத்தப்பட்டார்கள். இத்தாலிப் பக்கம் போய்ச் சேர்ந்து சண்டையிட்டவர்களும் உண்டு, எண்ணிக்கையில் குறைவு. அவர்களில் ஒருவரான சேசரே பத்திஸ்தியை 1916 ஜூலையில் ஆஸ்திரியர்கள் தூக்கிலிட்டது புவோன்கொன்சீல்யோ கோட்டையில். பத்து வருடம்கூட ஆகாத நிலையில் அதே கோட்டையில்தான் இந்தக் குழு முதன்முதலாகப் பாடியது.

அதனால் இவர்கள் இறகுத் தொப்பிச் சிப்பாய்களின் பாட்டைப் பாடும்போது, பாடுகிறவரின் தாத்தா அந்தச் சிப்பாய்களின் எதிரணிச் சீருடையில் இருந்திருக்கலாம். பல வருடம் இதைப் பற்றி யாரும் பேசவில்லை. ஆஸ்திரியச் சீருடையில் செத்தவர்களுக்கு அப்போது இத்தாலியில் சிலை வைப்பது எளிதாக இல்லை. பாட்டில் மட்டும் இடம் இருந்தது. 'கார்பாத்திய மலைகளின்மேல்' என்று ஒன்றை சாட் குழு பாடுகிறது. கணவனின் கல்லறையைத் தேடி அந்த மலைக்குப் போன பெண் பாடுவது. பேரரசரைக் காக்கப் போனாய், காற்றிலும் பாறை இடுக்கிலும் உன்னைத் தேடினேன், கிடைத்தது ஒரு சிலுவை மட்டும் என்கிறாள். போரைச் சபிக்கிறாள். முடிவில், என் குழியை நானே தோண்டிக்கொள்வேன், என் எலும்புகள் உன்னிடமிருந்து ஒரு சாண் தூரத்தில் கிடக்கட்டும் என்கிறாள். வீட்டுக்காரர் இதை ஒத்திகையில் பாடுவார், வீட்டில் பாடமாட்டார். அவருடைய தாத்தா கலீசியாவில் இருந்து வரவில்லை.